காதில் விழுந்த கோலாலம்பூர்

ரொறன்ரோவின் வோபர்னில் எங்கள் முதியோர் சங்கத்தின் செயலாளர் செல்வநாயகம் அண்ணை எனக்கு ஒரு வேலை தந்திருக்கிறார். சங்கத்து ஆட்கள் சிலர் குளிர் தொடங்குமுன் கோலாலம்பூருக்குச் சுற்றுலாப் போகிறார்களாம். "அக்கா, நீங்கள் பிறந்து வளந்த இடம்தானே. போற ஆக்களுக்கு விளங்கிற மாதிரி ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ" என்றார். என்னை விட மூத்த மனுஷன் என்னை அக்கா என்பார். வயதை ஒத்துக்கொள்ள அவருக்கு இன்னும் மனம் வரவில்லை.

என்ன எழுத? இரட்டைக் கோபுரம் எவ்வளவு உயரம் என்று கேட்டால், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். பத்துமலைக்கு எத்தனை படி என்று ஏறுகிறவர்கள் எண்ணிக்கொள்ளட்டும். சேலைக் கடையை யாரும் காட்டத் தேவையில்லை, எங்கள் பெண்கள் மணம் பிடித்தே போய்விடுவார்கள். உண்மையைச் சொன்னால், அந்த ஊரில் நான் பார்த்தது கொஞ்சம். இளவயதில் வேலைக்குச் சேர்ந்து பென்ஷன் எடுக்கும்வரை ஜன்னல் இல்லாத ஓர் அறையில் தொலைபேசியோடு உட்கார்ந்திருந்தவள் நான். அந்த நகரத்தை எனக்குக் காதால்தான் தெரியும்.

அண்ணை கேட்ட அதே கிழமை ஃபரீடாவிடமிருந்தும் ஒரு செய்தி வந்தது. ஃபரீடா என் நாற்காலியில் எனக்குப் பிறகு உட்கார்ந்தவள்; என்னைக் காக் என்பாள், மலாய் மொழியில் அக்கா. நாங்கள் இத்தனை காலம் அந்த அறையிலிருந்து மாதாமாதம் செய்துவந்த தொலைபேசி அழைப்புச் சுற்றை நிறுத்துகிறார்களாம். இனி எல்லாவற்றையும் கருவியே கேட்டுக்கொள்ளுமாம். பழைய கதையை எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாள். இரண்டு பேருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். அவளுக்கு மலாயில் வாயால் சொல்லிக்கொள்வேன்.

முதலில் ஊர். கிழக்கிலும் வடக்கிலும் மலை, நடுவே ஒரு கிண்ணம். அந்தக் கிண்ணத்துக்குள் கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் வந்து சேருகின்றன. சேரும் மூலையில் ஒரு பழைய பள்ளிவாசல். ஊரின் பெயருக்கே ஆறுகள் கூடும் சேற்று இடம் என்றுதான் பொருள். காலையில் வெயில் கொளுத்தும். பின்னேரம் மூன்று நாலு மணிக்கு வானம் கறுத்து, இடி விழுந்து, மழை கொட்டும். கொட்டும் என்றால் கொட்டும். இங்கே ரொறன்ரோவில் பெய்வது மழையா? நாள் முழுக்க மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறது. அங்கே ஒரு மணி நேரத்தில் ஆறு கரையைத் தொட்டுவிட்டு, ஒன்றும் நடவாதது போல இறங்கிவிடும். அந்த மழைக்கு நான் ஏங்குகிறேன். வெட்கப்படாமல் சொல்கிறேன்.

என் வேலை வெள்ளக் கட்டுப்பாட்டு அறையில். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாகப் போனவர். வீடு பிரிக்பீல்ட்ஸில். பள்ளிக்கூடம் முடித்து, தட்டச்சு படித்து, சில மாதப் பயிற்சியில் மழைமானியும் வயர்லெஸும் பழகி உள்ளே போய்விட்டேன். பயிற்சியில் சொல்லித் தந்தவற்றில் பாதியை முதல் நாளே மறக்கச் சொன்னார் எங்கள் பொறியாளர் மிஸ்டர் லியோங்.

லியோங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒல்லியான மனுஷன். மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை. கன்னத்தில் எப்போதும் ஓர் உப்புப் புளிப்புப் பிளம் பழம் அடங்கியிருக்கும். குரல் உயர்த்தி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கோபம் வந்தால் பழத்தை வாயிலிருந்து எடுத்து, காகிதத்தில் பொதிந்து, மேசை ஓரத்தில் வைப்பார். காகிதம் சரசரத்தால் அறையில் யாரும் மூச்சு விடமாட்டோம்.

மலையில் பெய்யும் தண்ணீரைத் தடுத்து நிறுத்த ஊருக்கு மேலே வெள்ளக் குளங்கள் இருந்தன. குளம் நிறைந்தால் மதகைத் திறக்கவேண்டும். திறந்தால் கீழே ஆறு மளமளவென்று ஏறும். ஆற்றோரம் குடியிருக்கிறவர்கள் அதற்கு முன் மேட்டுக்கு ஏறவேண்டும். அதற்காகக் கரை நெடுக மின்சாரத்தில் ஊதும் எச்சரிக்கைச் சங்குகள் நட்டிருந்தார்கள். நாங்கள் பொத்தானை அமுக்கினால் சங்கு ஊதும், பலகையில் பச்சை விளக்கு எரியும். மற்ற ஊர்களில் பச்சை எரிந்ததும் மதகைத் திறந்துவிடுவார்கள். லியோங் விடமாட்டார். பச்சை விளக்கு மின்சாரம் போனதைத்தான் சொல்லும், சத்தம் வந்ததைச் சொல்லாது என்பார். ஒரு மனிதக் காதில் விழுந்ததா? அதுதான் அவருக்கு வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு சங்குக்கும் பக்கத்தில் குடியிருக்கும் ஒருவரைப் பிடித்துக் கேட்பவராக வைத்தோம். சம்பளம் கிடையாது. வீட்டில் தொலைபேசி இருந்தால் போதும். சங்கு ஊதியதும் நான் ஒவ்வொருவரையும் அழைத்துக் காதில் விழுந்ததா என்று கேட்கவேண்டும். எல்லாரும் விழுந்தது என்றால்தான் மதகு திறக்கும். இன்னொரு விதியும் இருந்தது. கேட்பவர் பதில் சொன்னதும் உடனே போனை வைக்கக்கூடாது, ஒரு மூச்சு நேரம் பேசாமல் இருக்கவேண்டும். மரியாதைக்காகத்தான் லியோங் இப்படிச் சொல்கிறார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சோதனைச் சுற்று. அந்த ஒரு மூச்சு நேரத்தில்தான் நான் கோலாலம்பூரைக் கண்டேன். கம்போங் பாருவில் ஸலேஹா மாக்சிக் (மாக்சிக் என்றால் மாமி), அவர் குரலுக்குப் பின்னால் சட்டியில் சம்பல் பொரியும், சேவல் ஒன்று நேரம் கெட்ட நேரத்தில் கூவும். புடுவில் ஓர் இரும்புப் பட்டறைக்காரர், அவர் பேசும்போதே பின்னால் யாரோ தகட்டை அறுப்பார்கள், நான் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடிப்பேன். பள்ளிவாசல் மூலையில் ஒரு காப்பிக்கடை, தேத்தண்ணிக்கு ஆர்டர் கத்தும் சத்தம் சங்கையே அமுக்கிவிடும். எல்லாவற்றுக்கும் பின்னால் தூரத்தில் எங்கள் சங்கு. அண்ணையின் சுற்றுலா ஆட்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: எங்கேயாவது ஓரிடத்தில் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள்.

அந்தக் குரல்களில் எனக்கு மிகவும் நெருங்கியது வேலு அங்கிளின் குரல். செந்தூலுக்கு அப்பால் கோம்பாக் ஆற்றோரம் ஒரு கம்பம், அதாவது சின்னக் குடியிருப்பு, இருந்தது, தகரச் சுவர் வைத்த வீடுகள் இரண்டு வரிசை. இப்போது அங்கே அடுக்குமாடி. மேல் வரிசையில், ரோட்டுக்கு ஏறும் படிக்குப் பக்கத்து வீடு அவருடையது. ரயில்வே பட்டறையில் கொதிகலனுக்கு ஆணி அடித்து ஓய்வு பெற்றவர். தனி ஆள். "கேட்டுச்சும்மா, நல்லா கேட்டுச்சு" என்பார். பின்னால் சங்கு ஊதும், அதோடு சேர்ந்து பக்கத்து வீட்டுப் பாக்கியத்தின் நாய்கள் ஊளையிடும். பிறகு அந்த மூச்சு நேரத்தில், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பார். என் கணவர் இறந்த மாதம் வீட்டிலும் ஆபீசிலும் எல்லாரும் என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். இந்த மனுஷன் ஒருவர்தான் வழக்கம் போல சாப்பிட்டியா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு நான் அறையிலேயே அழுதேன். லியோங் என்னைப் பார்த்துவிட்டு, அடுத்த எண்ணை அவரே அழைத்தார்.

இனி அந்த நாள். பருவக்காற்று மாறும் காலம், பின்னேரம். மலையில் பெய்யத் தொடங்கி மழைமானிகள் ஏறிக்கொண்டே போயின. குளத்து மதகுக்காரர் வயர்லெஸில் மட்டம் சொல்லச் சொல்லக் குரல் கூடிக்கொண்டு வந்தது. மதகைத் திறக்காமல் விட்டால் தண்ணீர் குளத்துக் கரையின் மேலால் வழியும். வழிந்தால் கரை உடையும். உடைந்தால் கம்பமும் போகும், கீழே நகரத்தின் நடுவும் போகும். லியோங் பொத்தானை அமுக்கச் சொன்னார். எல்லாம் பச்சை. நான் வரிசையாக அழைத்தேன். விழுந்தது, விழுந்தது, விழுந்தது. வேலு அங்கிளும் முதல் மணியிலேயே எடுத்தார். "கேட்டுச்சும்மா, நல்லா கேட்டுச்சு."

ஒரு மூச்சு நேரம் இருந்தேன். தகரக் கூரையில் மழை. வேறொன்றும் இல்லை. நாய்கள் ஊளையிடவில்லை.

"அங்கிள், போனை ஜன்னலுக்கு வெளியே பிடிங்க" என்றேன். பிடித்தார். மழைதான். லியோங் பக்கம் திரும்பி, அவர் விழுந்தது என்கிறார், எனக்கு விழவில்லை என்றேன். மதகுக்காரர் உத்தரவுக்குக் காத்துக்கொண்டு நின்றார். விளக்கு பச்சையாக எரிந்தது. கேட்பவர் ஆம் என்றுவிட்டார். எந்தப் பொறியாளரும் அந்த இடத்தில் திறந்திருப்பார், யாரும் குற்றம் சொல்லியிருக்கமாட்டார்கள். லியோங் பிளம் பழத்தை எடுத்துக் காகிதத்தில் பொதிந்தார். "அப்படியானால் யார் காதிலும் விழவில்லை" என்றார். மதகுக்காரரைப் பொறுக்கச் சொன்னார்.

நான் போனில் கத்தினேன். "அங்கிள், சங்கு ஊதவே இல்லை!"

வேலு அங்கிள் மெதுவாகச் சொன்னார்.

"எனக்குக் காது போயி ரொம்ப நாளாச்சும்மா. போனை அழுத்திப் பிடிச்சா உன் குரல் கேக்கும். வெளிச் சத்தம் எதுவும் எட்டாது. நீ கூப்பிட்டா சங்கு ஊதிருக்குன்னு அர்த்தம், அதான் கேட்டுச்சுன்னுடுவேன். கேக்கலைன்னு சொன்னா வேற ஆளைப் போட்டுருவாங்க. நீ கூப்பிட மாட்டே."

எனக்கு அந்த நேரம் வந்தது கோபமா, அழுகையா என்று இன்றுவரை தெரியாது. எழும்புங்க, எல்லாரையும் மேலே ஏத்துங்க, தண்ணி வரப்போகுது என்றுதான் சொன்னேன். போனை வைக்காதம்மா என்றார். ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

பிறகு நான் கேட்டதை எல்லாம் ஒன்று விடாமல் லியோங்குக்குச் சொன்னேன். முதலில் இரும்பு தகரத்தில் விழும் சத்தம், பக்கத்தில். சுத்தியலோ கடப்பாரையோ, எதனாலோ சொந்த வீட்டுச் சுவரையே அடித்தார். பிறகு அடுத்த வீட்டுச் சுவர். பிறகு அதற்கடுத்தது. வாழ்நாள் முழுக்க ஆணி அடித்த கை, நின்று நின்று அடிக்கவில்லை. பாக்கியத்தின் நாய்கள் எழும்பின. பெண்கள் பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம், பிள்ளைகள் அழும் சத்தம், படியில் கால்கள். அடி தூரமாகப் போய்க்கொண்டிருந்தது. கீழ் வரிசைக்கு இறங்கிவிட்டார்.

மதகுக்காரர் தண்ணீர் கரை விளிம்பைத் தொடுகிறது என்றார். லியோங் ஒரு மதகை மட்டும் ஒரு சாண் உயர்த்தச் சொன்னார். அது போதாது என்று அறையில் எல்லாருக்கும் தெரியும். பாக்கியம் வந்து ரிசீவரை எடுத்தாள், மூச்சு வாங்கியது.

"எல்லாரும் ரோட்டுக்கு ஏறிட்டோம். வேலு மாமாவைத்தான் காணோம்."

லியோங்கிடம் சொன்னேன். அவர் மட்டத்தைக் கேட்கவில்லை. உனக்கு இப்போது என்ன கேட்கிறது என்று என்னைக் கேட்டார். காதை அழுத்தினேன். மழை. நாய். அதற்கும் அப்பால் மெல்லியதாய்த் தகரத்தில் அடி, கீழ் வரிசையின் கடைசி வீட்டுப் பக்கம். இன்னும் அடிக்கிறார் என்றேன். பொறு என்று லியோங் மதகுக்காரருக்கு மறுபடி சொன்னார். ஒரு கிழவருக்காக ஒரு நகரத்தைப் பிடித்து வைத்திருந்தார்.

அடி நின்றது. பாக்கியம் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு படியில் ஓடினாள். பிறகு ரிசீவர் உரசியது. இரைக்க இரைக்க வேலு அங்கிளின் குரல்.

"எல்லாரும் மேலே வந்துட்டாங்கம்மா. இப்ப உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு அங்கிள். நல்லா கேட்டுச்சு. நீங்க ஏறுங்க" என்றேன். லியோங் மதகைத் திறக்கச் சொன்னார். கரை தாங்கியது. லைனை நான் துண்டிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுக்குள் தண்ணீர் வரும் சத்தம் கேட்டது. ஏதோ கவிழ்ந்தது, பாத்திரங்கள் உருண்டன, பிறகு லைன் செத்தது.

இடி விழுந்து சங்கின் ஊதுகுழல் பக்கம் எரிந்திருந்தது, விளக்குப் பக்கம் பிழைத்திருந்தது. அவ்வளவுதான். கம்பத்து ஆட்களை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்திருந்தார்கள். லியோங் அங்கே போனார், ஒரு பை நிறையப் பிளம் பழத்தோடு. என்ன பேசினார்கள் என்று தெரியாது. லியோங்குக்குத் தமிழ் வராது, வேலு அங்கிளுக்குக் காது கேட்காது. வெகுநேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்களாம்.

அடுத்த மாதம் லியோங் அந்தச் சங்குக்குப் பாக்கியத்தைக் கேட்பவராகப் போட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. அத்தனை பேரைக் காப்பாற்றியவரை எடுத்துவிட்டீர்களே என்று அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். காது கேட்காதவரைக் கேட்பவராக வைக்கமுடியாது என்றார். அது நியாயம்தான், என்னால் மறுக்க முடியவில்லை. திரும்பிப் போகும்போது பின்னாலிருந்து சொன்னார்: அவருடைய எண்ணைச் சுற்றின் கடைசியில் வை. சங்கைப் பற்றிக் கேட்காதே. லைன் வேலை செய்கிறதா என்று மட்டும் பார்.

பகிடியாகச் சொன்னாரா, மெய்யாகச் சொன்னாரா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் என் கடைசி அழைப்பு வேலு அங்கிளுக்கு. கம்பத்தை எடுத்து அவர்களை அடுக்குமாடிக்கு மாற்றிய பிறகும் அவர் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சாப்பிட்டியாம்மா என்பார். சாப்பிட்டேன் அங்கிள் என்பேன். லைன் வேலை செய்தது, அவர் போகும்வரை. நேரில் நான் அவரைப் பார்த்தது ஒரே தடவை, அவர் கண்மூடிக் கிடந்தபோது. அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பென்ஷன் எடுத்ததும் மகள் சுகந்தி என்னை இங்கே, ரொறன்ரோவின் கிழக்கோரம் ரூஜுக்கு, கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நல்ல வீடு, நல்ல பிள்ளைகள், தெருவில் ஒரு சத்தமும் இல்லை. புறப்படுமுன் ஃபரீடாவுக்கு இந்தக் கதையைச் சொல்லியிருந்தேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? சுற்றின் கடைசியில் வேலு அங்கிளின் எண் இருந்த இடத்தில் என் எண்ணைப் போட்டுவிட்டாள். அங்கே சனிக்கிழமை காலை ஒன்பது என்றால் கோடையில் இங்கே வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது, அப்போதும் வானத்தில் வெளிச்சம் இருக்கும். இத்தனை வருஷமும் மாதம் ஒருமுறை அந்த அழைப்பு வந்தது. எனக்கு அதுதான் கோலாலம்பூர். சுற்றை நிறுத்துகிறார்கள் என்று அவள் எழுதியதைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: இனி அவள் என்னைக் கூப்பிட மாட்டாள்.

இதற்குள் என் காதும் என்னை விட்டுப் போகத் தொடங்கிவிட்டது. "அம்மா, காது டெஸ்ட்டுக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டிருக்கிறன், இந்த முறை சாட்டுச் சொல்லாமல் வாங்கோ" என்று சுகந்தி கூட்டிப் போனாள். கருவி மாட்டிவிட்டார்கள். அது போதாதென்று இந்தக் காலத்துப் போன்கள் பின்னால் வரும் சத்தத்தை வடிகட்டிவிடுமாம், மருமகன் பெருமையாகச் சொன்னார். குரல் மட்டும் சுத்தமாக வரும், ஊர் வராது. யார் கேட்டார்கள் இந்தச் சுத்தத்தை?

போன வெள்ளிக்கிழமை கடைசிச் சுற்று. பின்வளவில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஃபரீடா அழைத்தாள். எல்லாரும் விழுந்தது என்றார்களாம். ஸலேஹா மாக்சிக்கின் மகள் அழுதாளாம். இன்றைக்கு உங்களுக்காகச் சங்கை இன்னும் நிறுத்தவில்லை, மாடிக்கு ஏறி வந்திருக்கிறேன், போனை நீட்டுகிறேன், கேளுங்கள் என்றாள்.

காதில் போனை அழுத்தினேன். கருவியைத் திருகினேன். ஒன்றும் வரவில்லை. சங்கும் இல்லை, வாகன இரைச்சலும் இல்லை, ஒரு காகம்கூட இல்லை. என் காதா, போனா, தெரியவில்லை. அவள் திரும்பி வந்து, காதில் விழுந்ததா காக் என்றாள்.

"விழுந்தது" என்றேன். "நல்லா விழுந்தது."

அவள் போனை வைக்கவில்லை. ஒரு மூச்சு நேரம் பேசாமல் இருந்தாள். நான் பழக்கிய பழக்கம்.

பிறகு, சாப்பிட்டீர்களா காக் என்று கேட்டாள்.

இன்னும் இல்லை என்றேன்.

சாப்பிடுங்கள் என்றாள். அடுத்த மாதமும் முதல் சனிக்கிழமை அழைப்பு எடுப்பேன், லைன் வேலை செய்கிறதா என்று பார்க்கவேண்டுமே என்றாள்.